திங்கட்கிழமை விரல்கள்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழாம் மாதத்தில் பிறந்தவள். தங்காது என்று டாக்டர் சொன்ன பிறகும் தங்கினாள். இடது கால் சற்றுக் குட்டை. அந்தக் காலோடு, ஆண்களை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நீராவி அறைக்கு ஜன்னல் கேட்டுப் பதினோரு தடவை போய் நின்றாள். பன்னிரண்டாம் தடவை கொத்தனார் வந்தார். புருஷன் போன பிறகு இரண்டு பெண்களைப் படிக்கவைத்தாள். ஐம்பத்து நான்கு வயதில் ஒரு மெஷினை ஜெயித்தாள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

சலவைக்கூடத்தில் எல்லாமே வெள்ளை. உலர்த்தியிலிருந்து சுடச்சுட வரும் விரிப்பை இருவர் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறுவார்கள். துணி காற்றை வாங்கி எழும்பும், அந்தரத்தில் கொஞ்சம் யோசிக்கும், பிறகு மனமில்லாமல் இறங்கும். ஆவியில் ஆட்கள் பாதி தெரிவார்கள், பாதி தெரியமாட்டார்கள். இருபத்தாறு வருடச் சூட்டிலும் சலவைச் சோடாவிலும் என் தங்கையின் விரல் நுனிகள் கூழாங்கல் போல வழவழப்பாகிவிட்டன.

2019 ஜனவரியில் வாசலில் கைரேகை மெஷின் வைத்தார்கள். பச்சை எரிந்தால் ஆள் வந்தாயிற்று. சிவப்பு எரிந்தால் வரவில்லை, உள்ளே நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாலும். திங்கட்கிழமைகளில் மட்டுமே அவளுக்குப் பச்சை எரிந்தது. ஞாயிறு ஓய்வில் ரேகை கொஞ்சம் தலைதூக்கும். செவ்வாய் காலைக்குள் மறுபடி தேய்ந்துவிடும்.

"சும்மா இருந்தாத்தான் என்னை வேலைக்காரின்னு ஒத்துக்குது, பாத்தியா அண்ணா?" என்று சிரித்தாள்.

விரலில் எண்ணெய் தேய்த்தாள், எலுமிச்சை தேய்த்தாள். "பவுடரும் போட்டு விடுடி, மெஷின் பொண்ணு பாக்க வருது" என்றாள் கூட வேலை செய்பவள். வாசல் காவலாளி பதினைந்து வருடமாக அவளைப் பார்க்கிறவர்.

"எனக்குத் தெரியுதுக்கா. அதுக்குத் தெரியணுமே."

"நீங்க சொன்னாக் கேக்காதா?"

"நான் யாருங்கறதையே அதுதான் தினமும் எனக்குச் சொல்லுது. நான் போய் அதுக்கு என்னத்தைச் சொல்ல?"

பிப்ரவரிக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். மார்ச் பதினைந்துக்குள் ரேகை சரியாகாதவர்களின் பெயர் நீக்கப்படும். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. ஒரு நாள் காலை காபியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"கனவு கண்டேண்ணா. என் ரேகையெல்லாம் விரிப்புல ஒட்டிக்கிட்டுப் போயிடுச்சு. வார்டு வார்டாத் தேடறேன். ஒவ்வொரு கட்டில்லயும் யாரோ அது மேல படுத்து நிம்மதியாத் தூங்கறாங்க. எழுப்பிக் கேக்க மனசு வரல."

நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆனால் எதையும் கடைசி வரி வரை படிக்கிற ஆள். அன்றைக்கே போய் அந்தத் தாளைப் படித்தேன். அடியில் பொடி எழுத்தில் இருந்தது: ரேகை விழாதவர்கள் பதிவேட்டில் தினமும் கையெழுத்திடலாம்; பெருவிரல் ஒற்றுவது ஏற்கப்படாது.

"எனக்குத்தான் எழுத வராதே" என்றாள். எழுத்துதான் தெரியாது, எண்கள் தெரியும். விரிப்பு ஓரங்களில் சிவப்பு நூலால் வார்டு எண் தைப்பவளே அவள்தான். ஒரு கிழிந்த தலையணை உறையை எடுத்து வந்தாள்.

"இதுல என் பேரைப் பென்சிலால எழுதிக் குடு. பெருசா."

நாலே எழுத்து. எழுதிக் கொடுத்தேன். அதன் மேல் சிவப்பு நூலால் தைத்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள். ஐந்து நாள். நூலைப் பிரித்த பிறகும் ஊசித் துளைகள் பெயராக நின்றன. அவற்றின் மேல் பேனாவை ஓட்டிப் பழகினாள். பிறகு வெறுந்துணியில். பிறகு காகிதத்தில்.

அலுவலகத்தில் எழுத்தர் பழைய பதிவேட்டைத் தூசி தட்டித் திறந்தார். நான் கதவோரம் நின்றேன். தைக்கிறபோது ஊசி துணிக்கடியில் போய் வருமே, அதுபோல் ஒவ்வொரு கோட்டுக்கும் பேனாவைத் தூக்கித் தூக்கி வைத்தாள். கோடுகள் விட்டு விட்டு விழுந்தன.

"என்னம்மா, கையெழுத்தா தையலா?"

"எதுவா இருந்தா என்ன சார், பிரியாது."

அவர் பேனாவைத் திருப்பி வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. பக்கத்தில் தேதிக் கட்டம் காலியாக இருந்தது; அதையும் அவளே நிரப்பினாள்: 12.3.2019. அன்று செவ்வாய்க்கிழமை.