கை நனைக்காத விருந்து

கலைமதியின் மூக்கைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. வத்தல்மலை அடிவாரத்தில் மழை பொய்த்தபோதுகூட யாரும் அவ்வளவு கவலைப்படவில்லை. அவள் தர்மபுரியில் காலேஜ் முடிந்ததும் பாக்சிங் பழகிவிட்டுக் கடைசி பஸ்ஸில் வருவாள். "பொட்டப்புள்ள மூக்கக் குத்த வுட்டா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். பேசியவர்களில் ஒருவருக்கும் சொல்லிக்கொள்ளும்படியான மூக்கு கிடையாது.

கலைமதி வீடு எங்களுக்குப் பக்கத்து வீடு. என் தையல் மெஷின் ஜன்னலோரம் இருப்பதால் அவர்கள் வாசல் முழுவதும் எனக்குத் தெரியும். ஒருநாள் கலைமதி இடது கண் வீங்கி வந்தாள். அன்றைக்கென்று அவளுடைய அத்தை ராணியம்மாள் வந்திருந்தாள். மகன் மாதேஷுக்குக் கலைமதியைத்தான் கட்டுவது என்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள். இந்தக் கண்ணைப் பார்த்தாவது விட்டுவிடுவாள் என்று நான்கூட நினைத்தேன்.

"கண்ணுதானே? வீக்கம் வடிஞ்சிரும்," என்றாள் ராணியம்மாள். "மூக்கே ஒடஞ்சாலும் எம்மவனுக்குத்தான். வெளியில ஒருத்தன் கேப்பானா?"

அவள் கண்ணையும் பார்க்கவில்லை, மூக்கையும் பார்க்கவில்லை. தம்பி பச்சியப்பனின், அதாவது கலைமதி அப்பாவின், வற்றாத கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலைமதி ஒரே பெண்.

பச்சியப்பனுக்கு அக்காவிடமும் பயம், மகளிடமும் பயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி சொன்னார். "திருச்சியில மாநிலப் போட்டி இருக்குதில்ல? ஜெயிச்சா உன் இஷ்டம். தோத்துட்டா மாதேசு. அதுக்கு மேல என்னால அக்காவுக்குப் பதில் சொல்ல முடியாது."

கலைமதி தலையாட்டினாள். ஆனால் குத்துவதற்கு முன்னால் எடை மெஷின் மேல் ஏற வேண்டும். நாற்பத்தெட்டு கிலோவுக்கு ஒரு சொட்டு கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அவள் எடை அதற்கு மேல்தான் இருந்தது. உர மூட்டைக்குள் வரும் பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்து, "அக்கா, இதுல ஒரு சட்டை தெச்சுக் குடுங்க, வேர்க்கணும்," என்றாள். தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் மலை ரோட்டில் ஓடினாள். களியை நிறுத்தினாள். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது தண்ணீரையும் குறைத்தாள். உடம்பில் இருக்கும் நீர் இறங்கட்டும் என்று சூயிங்கம் மென்று மென்று ஒரு டம்ளரில் துப்பிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்க்க எனக்கே ஒருமாதிரி இருந்தது.

இந்த நேரத்தில்தான் மாநிலப் போட்டிக்குப் போகிறாள் என்று பேப்பரில் அவள் போட்டோ வந்தது. அதோடு ஊருக்கு மூக்குக் கவலை தீர்ந்துபோய்ப் பெருமை வந்துவிட்டது. ராணியம்மாளுக்கு எல்லோரையும்விட அதிகமாக வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் கிடா வெட்டி, சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, வருங்கால மருமகளுக்கு விருந்து வைத்தாள். நானும் போயிருந்தேன்.

கலைமதியை நடுவில் உட்கார வைத்தார்கள். இலையில் கறி விழும் முன் அவள் குறுக்கே கையை வைத்தாள்.

"வேணாங்க அத்த. நாளைக்கு எடை பாப்பாங்க."

"ஒரு வாயி திங்கறதுல என்ன எடை ஏறிரும்?"

"ஏறிருங்க அத்த."

"கொழம்பாவது ஊத்திக்கடி."

"தண்ணியே குடிக்கல."

பந்தியில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவளுடைய அம்மா மாதம்மாள், "ஒரே ஒரு துண்டுடி," என்று கெஞ்சினாள். கறி மணத்துக்குக் கலைமதியின் வாயில் எச்சில் ஊறியிருக்க வேண்டும். பழக்கத்தில் பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்தாள். இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அதில் துப்பினாள்.

ராணியம்மாள் கரண்டியைக் குண்டானில் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"எங்கூட்டுச் சோத்தப் பாத்துத் துப்பறாடா பச்சியப்பா! கண்ணு வீங்கினா பொறுத்தேன். அரைக்கால் டவுசரு போட்டா பொறுத்தேன். எங்கூட்ல கை நனைக்காதவ எங்கூட்டுக்கு எதுக்கு? நீயும் உன் கெணறும்!"

எடை இறங்கத்தான் துப்பினேன் என்று கலைமதி சொன்னது எதுவும் அங்கே எடுபடவில்லை. பச்சியப்பன் பாதி இலையில் எழுந்துவிட்டார்.

திருச்சியில் எடை மெஷின் அவளை ஏற்றுக்கொண்டது. எதிரில் வந்த பெண் ஏற்றுக்கொள்ளவில்லை. முதல் ஆட்டத்திலேயே கலைமதி தோற்றுவிட்டாள். மூக்கு மட்டும் அப்படியே இருந்தது.

அவள் திரும்பி வந்த அன்று மாதம்மாள் நாட்டுக்கோழி அடித்திருந்தாள். கலைமதி வாசலில் உட்கார்ந்து களியை உருட்டி உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்கினாள். பச்சியப்பன் எதிரில் குந்தியிருந்தார்.

"தோத்தா கல்யாணம்னு சொன்னேன். தோத்துட்ட. இப்ப மாப்ளைக்கி எங்க போறது?"

"என்னக் கேட்டா?"

"அக்காவுக்குக் கோவம் ரொம்ப நாளைக்கி நிக்காது. பொங்கலுக்குள்ள எறங்கி வந்துரும்."

கலைமதி எலும்பை உறிஞ்சிவிட்டுத் தட்டை அம்மா பக்கம் நீட்டினாள்.

"வரட்டும்ப்பா. வந்தா மொதல்ல ஒரு விருந்து வெக்கச் சொல்லுங்க."

மாதம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு களி உருண்டையை வைத்தாள்.