வலையில் மாட்டாத லைஃப் ஜாக்கெட்: திரேஸ்புரத்துக்கு இரண்டு பயணங்கள்

எங்கள் சிறு நிறுவனம் மீனவர்களுக்காக ஒரு லைஃப் ஜாக்கெட்டை உருவாக்கிக்கொண்டிருந்தது. வடிவமைப்பு மதுரையில், என் மேசையில். தையல் தூத்துக்குடியை ஒட்டிய முத்தையாபுரத்தில். துணி வெட்டுவதற்கு முன் மாதிரியைப் படகுக்காரர்களிடம் காட்டிவிட வேண்டும் என்று அடம்பிடித்து, மாசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். இப்படிக் களத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பேருந்தில் மூன்று மணி நேரம். தூத்துக்குடியில் தயாரிப்புப் பொறுப்பாளர் செல்வம் காத்திருந்தார். அவர் லீன் முறைக்காரர்: ஒரே வடிவம், துணியில் வீண் கூடாது, சரக்கு தேங்கக் கூடாது. நான் அஜைல் முறையில் பழகியவள்: கொஞ்சமாகச் செய்து, போட்டுப் பார்க்கச் சொல்லி, மாற்றுவேன். மீனவர் குடியிருப்பான திரேஸ்புரத்துக்கு ஆட்டோ முந்நூறு ரூபாய். "நீங்க மாத்திக்கிட்டே இருந்தா நான் எதத் தைக்கது?" என்று வழியெல்லாம் கேட்டார்.

மதியம் நாட்டுப்படகுகள் கரை சேர்ந்திருந்தன. படகுக்காரர் ஜெரோம் மாதிரியைப் போட்டுக்கொண்டு வலையை இழுத்துக் காட்டினார். நெஞ்சுக் கொக்கியில் வலைக்கண்ணி மாட்டியது.

"கடல்ல மாட்டுனா வல என்னையும் சேத்துல்லா இழுத்துட்டுப் போவும்," என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னார்: "எந்தம்பியும் வல மாட்டுதுன்னுதான் கழத்தி வச்சான். படகு வந்துட்டு. ஜாக்கெட்டு அதுக்குள்ளதான் கெடந்துச்சு. அவன் வரல."

செல்வம் கொக்கியையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் சொல்வது சரி என்ற பேச்சை அதற்குப்பின் நாங்கள் எடுக்கவில்லை.

திரும்பும்போது அவரே ஆரம்பித்தார். "முதுகுத் துணியும் உள்ள வைக்கிற நுரையும் மாறாதுல்லா? அத திங்கக்கெழம வெட்டிருதேன். முன்பக்கத்த மட்டும் நிறுத்தி வைக்கேன். எத்தன தடவ வேணாலும் மாத்துங்க."

மாறாததை வீணில்லாமல் செய்வது, மாறக்கூடியதைக் கடைசிவரை வெட்டாமல் வைப்பது. இரண்டு முறைகளும் எங்களுக்கு ஒன்றானது அந்த ஆட்டோவில்தான்.

போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். படகுகள் போகாது, ஆட்கள் சர்ச்சில் இருப்பார்கள். மீன் விற்று முடிந்தபின் பேச்சுக் கொடுங்கள். மாதிரியைப் போட்டுப் பார்த்தால் போதாது, அதோடு வேலை செய்து பார்க்கச் சொல்லுங்கள். தயாரிப்பில் இருப்பவரையும் கூட்டிப்போங்கள். நான் மட்டும் போய்வந்து விவரித்திருந்தால் செல்வம் நம்பியிருக்க மாட்டார்.

பங்குனியில் மறுபடி போனோம். கொக்கி விலாப்பக்கம் நகர்ந்திருந்தது. மிதக்கும் சோதனையும் முடித்திருந்தோம். ஜெரோம் அதை அணிந்து விடியலில் கடலுக்குப் போனார். நாங்கள் ஸ்டெல்லாவோடு கரையில் உட்கார்ந்திருந்தோம். கொடுத்த டீயை அவர் குடிக்கவே இல்லை.

வெயில் ஏறியபின் படகு தெரிந்தது. ஸ்டெல்லா எழுந்து, கண்ணுக்கு மேல் கைவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"போட்டுருக்காவ," என்றார்.