மூன்றாவது ஃபியூஸ் கட்டை

இலுப்பூருக்கு மேற்கே ஒரு கல் கிரஷரில் குணசேகரன் எலக்ட்ரீஷியன். கிரஷரில் புலி, வீட்டில் வாய் திறக்காத ஆள். மஸ்கட்டில் வீட்டுவேலை பார்க்கும் மனைவி சொர்ணவல்லி ஒரு மாத லீவில் வந்திருந்தாள். 'போகாதே' என்ற ஒரு வார்த்தையை அந்த மாதம் முழுக்க அவன் மென்று விழுங்கிக்கொண்டிருந்தான். மகள் ஹரிணி நர்சிங் முடிக்க இன்னும் இரண்டு வருஷம். அதுவரை சொர்ணவல்லி போய்த்தான் ஆக வேண்டும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை.

அவள் கிளம்பும் நாளில்தானா அந்தக் கான்டாக்டர் காலை வார வேண்டும்! ஜல்லியை மேலே ஏற்றும் பெல்ட்டுக்குக் கரண்டைக் கொடுப்பதும் நிறுத்துவதும் கான்டாக்டர் என்ற அந்தக் கறுப்புப் பெட்டிதான். பச்சைப் பட்டனை அமுக்கினால் 'டக்'கென்று சேரும். சிவப்பை அமுக்கினால் விடும். அன்று உள்ளே முனைகள் சூட்டில் உருகி ஒட்டிக்கொண்டன. சிவப்பை எத்தனை அமுக்கியும் பெல்ட் நிற்கவில்லை. மெயினை இறக்கித்தான் நிறுத்தினார்கள்.

"பத்து நிமிஷ வேலைதாம்ப்பா, வந்துட்டுப் போயிரு" என்றார் முதலாளி பழனிச்சாமி. முதலாளிமார்களின் பத்து நிமிஷம் நமக்குத் தெரியாதா!

குணசேகரன் போனதும் பெல்ட்டின் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டான். போர்டுக்குள் கை இருக்கும்போது எவனாவது கரண்டைப் போட்டுவிடக் கூடாதே. கட்டை யார் பையில் இருக்கிறதோ, அவர் கையால்தான் திரும்ப மாட்ட வேண்டும். அந்த வழக்கத்தை முதலாளியும் மீறமாட்டார். புதுக் கான்டாக்டரை மாட்டிக் கடைசித் திருகை முறுக்கும்போது ஹரிணி கூப்பிட்டாள்.

"அப்பா, கார் வந்துருச்சு. அம்மா ஒங்களுக்காக வாசல்லயே நிக்குது."

போட்டது போட்டபடி பைக்கை எடுத்தான்.

திருச்சி ஏர்போர்ட் வாசலில் காரிலிருந்து பெட்டியை இறக்கும்போது முதலாளியின் போன். "யோவ், பச்சையை அமுக்குனா ஒண்ணும் வரலையே! லாரியெல்லாம் நிக்குது!"

பேண்ட் பைக்குள் கையை விட்டான். மூன்றும் கனமாகக் கிடந்தன. வெளியே எடுத்து அசடு வழிய நின்றவனைப் பார்த்து சொர்ணவல்லி சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவனுக்குத் தாங்கவில்லை.

"போகாத சொர்ணம்."

வந்தேவிட்டது. அவள் கண் நிறைந்துவிட்டது. அவன் உள்ளங்கையிலிருந்து ஒரு கட்டையை எடுத்துத் தன் பைக்குள் போட்டாள்.

"வச்சிருக்கவ கையாலதானே மாட்டணும்? நான் வந்து மாட்டுறேன்."

"உள்ள சோதிப்பாங்கத்தா. விடமாட்டாங்க."

"கேட்டா, எங்க வீட்டுக்காரர் குடுத்தாருன்னு சொல்லுவேன். நீங்க பேசாம இருங்க."

அவள் உள்ளே போய் வெகுநேரம் அவன் வாசல் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடியே நின்றான். போன் வந்தது. "விட்டுட்டாங்க. நீங்க கெளம்புங்க, முதலாளி வைவாரு."

வரும் வழியில் ஒரு புதுக் கட்டை வாங்கினான். கிரஷரில் மூன்றையும் மாட்டிப் பச்சையை அமுக்கினான். கான்டாக்டர் 'டக்'கென்று சேர்ந்தது, பெல்ட் ஓடியது. திட்டக் காத்திருந்த பழனிச்சாமி போர்டை எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு மட்டும் புதுசா இருக்கே. பழசு எங்கய்யா?"

"மஸ்கட்டு போயிருச்சுங்க."

முதலாளி திட்ட வந்ததை மறந்து நின்றார்.

"இது சும்மா ரெண்டு வருஷத்துக்குத்தாங்க" என்றான் குணசேகரன். "பழசு வந்ததும் இதைப் பிடுங்கிருவேன்."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. நல்லவேளை, பெல்ட் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.