வாசமில்லாத சோப்பு

அடைப்பெடுக்கும் பிளம்பருக்குத் தன் கைகளின் மேல் நம்பிக்கையே கிடையாது. பன்னிரண்டு வருடமாக ஊரார் வீட்டுக் கழிவுக்குழாய்களுக்குள் போய் வந்த கைகள். மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிருமிநாசினி சோப்பாகப் பார்த்து வாங்கி, ஒரு நாளைக்கு முப்பது தடவை கழுவினார். மருந்து வாசம் மூக்கைத் துளைத்தால்தான் மனசு ஆறும். அதுவும் ஐந்து நிமிடம்தான்.

பத்தாம் நாள், குழந்தையைத் தொட்டுப் பார்க்கலாம் என்றார்கள். வாசலில் நர்ஸ் அவர் கைகளைத் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது.

"இந்தக் கையோட உள்ளே விட முடியாதுங்க. வெடிப்புலதான் கிருமி போய் உக்காரும்."

"கிருமியைக் கொல்ற சோப்புதாங்க போடறேன்."

"வீட்டுக்கு அதெல்லாம் வேணாங்க. வாசமில்லாத சாதா சோப்பே போதும். இருபது நொடி நல்லா தேய்ங்க, ஈரம் போகத் துடைச்சுட்டு களிம்பு பூசுங்க."

அன்று முதல் சாதா சோப்பு. வாசமே இல்லாததால், கழுவினோமா இல்லையா என்ற சந்தேகம் அவரைப் பிடித்து ஆட்டியது. மறுபடி குழாயடிக்குப் போகும்போதெல்லாம் மனைவி குறுக்கே நின்றாள். "சும்மா இருங்க. தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கு."

இரண்டு வாரத்தில் தோல் கூடியது. நர்ஸ் பார்த்துவிட்டு வழிவிட்டார். மகள் அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். கையை இழுத்துக்கொள்ளத் துடித்தது மனம். அவள் விடுவதாக இல்லை. நேரமாயிற்று என்று நர்ஸ் சொல்லும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.