கடைசி ஆளுக்குப் பின்னால்

மலைச் சைக்கிள் பந்தயத்தில் கடைசியாக வருவதற்கென்றே ஓர் ஆள் வேண்டும், சில வருஷமாக அந்த ஆள் நான்தான். மற்ற நாட்களில் தம்பானூரில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பேன். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சைக்கிள் கூட்டம் பொன்முடி எஸ்டேட் பாதைகளில் பந்தயம் நடத்தும். ஓட்டுகிறவர்களில் கடைசி ஆள் யாரோ, அவரை முந்தாமல் நான் பின்னால் வரவேண்டும். வழி காட்டுவதற்காகத் தேயிலைச் செடிகளில் கட்டிய சிவப்பு நாடாக்களை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டே வரவேண்டும். நான் முடிவுக் கோட்டைக் கடந்தால்தான் பந்தயம் முடிந்ததாக அர்த்தம். கல்யாண மண்டபத்தில் நாற்காலி மடக்குகிறவர்களுக்கும் ஆபீஸில் கடைசியாக விளக்கணைக்கிறவர்களுக்கும் என் பாடு சொல்லாமலே புரியும்.

துணைக்குப் போனது

முதல் வருஷம் கடைசியாக வந்தவர் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர். பாவம், துணையாக இருக்கட்டுமே என்று அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனேன். அவர் திரும்பிப் பார்ப்பார், பதறி மிதிப்பார், மூச்சு வாங்கி நிற்பார். நானும் நிற்பேன். நாலைந்து தடவை இப்படி நடந்த பிறகு சைக்கிளைச் சரித்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்தார்.

“அண்ணா, கொஞ்சம் தள்ளி வருவீங்களா? பரீட்சை ஹால்ல சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால நிக்கற மாதிரி இருக்கு.”

நம்பர் தாள்

அதன்பின் ஒரு வளைவு தூரம் விட்டுத்தான் போவேன். அடுத்த வருஷம் எனக்கு முன்னால் போனவர் ரெஜினா டீச்சர். பாறசாலைக்காரர், பள்ளியில் கணக்கு டீச்சர், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பாதி வழியில் எங்கள் சோதனை மேஜை ஒன்று உண்டு. பதினொரு மணிக்குள் அதைத் தாண்டாதவர்களை ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்பிவிடுவோம். டீச்சர் சில நிமிஷம் பிந்திவிட்டார்.

முழுத் தூரமும் முடித்தவர்கள்தான் சட்டையில் குத்திய நம்பர் தாளை வைத்துக்கொள்ளலாம். ஜீப்பில் ஏறுகிறவர்கள் திருப்பித் தரவேண்டும். அந்தத் தாளைக் கொண்டுவந்து வகுப்புப் பலகையில் ஒட்டுவதாகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் டீச்சர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நாலு ஊக்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தாளை என்னிடம் நீட்டினார்.

“பிள்ளைங்கட்ட நாளைக்கு என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லித் தாங்க, தம்பி.”

சிவப்புச் சட்டை

தாளை வாங்கிக்கொண்டேன். வருஷம் முழுக்க அந்தக் கேள்வி என்னை அரித்தது. அடுத்த பந்தயத்துக்கு டீச்சர் மறுபடி வந்தார். நாற்பத்தேழாம் நம்பர், சிவப்புச் சட்டை. பதினொன்றுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது மேஜையைத் தாண்டிவிட்டார். அவரைவிட எனக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. அவரைப் பதற வைக்கக் கூடாதென்று வேண்டுமென்றே இன்னும் பின்தங்கினேன்.

மூடுபனி இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் சிவப்புச் சட்டை தெரிந்து மறைந்தது. ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நாடாக்களை எடுத்தேன். அவிழ்ப்பதுதான் முறை. குளிரில் விரல் மரத்தால் நான் பிய்த்துவிடுவேன், முடிச்சு கொம்பிலேயே தங்கிவிடும். செடியில் பிளாஸ்டிக்கை விடாதே என்று பந்தயம் நடத்தும் பிஜு எப்போதும் திட்டுவான்.

முடிவுக் கோட்டைக் கடந்து சிவப்புச் சட்டை திரும்பியது. அதற்கு மீசை இருந்தது. என் முன்சக்கரம் கோட்டுக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டது. பிஜு பட்டியலைப் பார்த்தான், ஓர் ஆள் குறைகிறதே என்று என்னைப் பார்த்தான்.

“அண்ணா, ஒரு ஆள் குறவாணு. நாற்பத்தேழு எவிடே?”

முடிச்சு

வந்த வழியே திரும்பி ஏறினேன். போனில் சிக்னல் இல்லை. ஆறு இடத்தில் பாதை பிரிகிறது, வழி சொல்லும் நாடாவெல்லாம் என் பையில். அந்த அம்மாள் எந்தப் பள்ளத்தில் கிடக்கிறாரோ என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

நடந்தது இதுதான். மேஜையைத் தாண்டியதும் அவசரத்துக்கு ஒதுங்க டீச்சர் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு மறைவு தேடி வெகுதூரம் உள்ளே போயிருக்கிறார். அவரைத் தவிர ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள், ஒரு பெண்ணுக்கு இடம் வேண்டுமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குள் நான் வேறொருவரின் சிவப்புச் சட்டையை நம்பிக் கடந்துவிட்டேன். மூன்றாவது பிரிவில் அவரைக் கண்டேன். சைக்கிளைக் கிடத்திவிட்டு, குனிந்து, ஒவ்வொரு செடியாகக் கொம்புகளைத் தடவிக்கொண்டிருந்தார். நான் விட்டுப்போன முடிச்சுகளைத் தேடித் தேடித்தான் அவ்வளவு தூரமும் வந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“நீங்க ஒழுங்கா அவுத்திருந்தா நான் இப்பமும் மேலதான் நிப்பேன், தம்பி. சோம்பல்பட்டது நல்லதாப் போச்சு.”

காற்றுப் போன வளைவு

இந்தத் தடவை நான் ஒட்டியே வந்தேன், டீச்சரும் தள்ளி வரச் சொல்லவில்லை. கீழே ஜெனரேட்டர் லாரியில் ஏறிவிட்டது. காற்றடைத்து நிறுத்தியிருந்த வரவேற்பு வளைவு காற்றிறங்கி ரோட்டில் சுருண்டு கிடந்தது. பிஜு கேட்பதற்கு முன்பே தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அவன் என் சக்கரத்தைப் பார்த்தான். நான் இன்னும் கோட்டைக் கடக்கவில்லை, ஆகவே பந்தயமும் முடியவில்லை. அவனும் இன்னொருவரும் வளைவுத் துணியை ஆளுக்கொரு பக்கம் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். டீச்சர் அதற்கடியில் ஓட்டிக்கொண்டு போனார். வழி தேடிய நேரத்தைக் கழித்துவிடலாம் என்றான் பிஜு. டீச்சர் நெஞ்சிலிருந்த நாற்பத்தேழை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“கணக்கு டீச்சர்ட்ட கணக்கைக் குறைச்சுக் காட்டாண்டாம். ஆன நேரத்தை அப்படியே போடுங்க. இதை மட்டும் திருப்பிக் கேக்காதீங்க.”

இப்போதெல்லாம் மேஜைக்குப் பக்கத்தில் பெண்களுக்கென்று ஒரு கூடாரம் நிற்கிறது, நாடாக்களையும் பொறுமையாக அவிழ்த்துத்தான் எடுக்கிறேன், ஆனால் பாதை பிரியும் இடங்களில் மட்டும் எப்படியோ ஒரு முடிச்சு விட்டுப்போகிறது, பிஜுவும் திட்டுவதில்லை.