முப்பத்திரண்டு பேரும் போயிட்டு வந்த கதை

லாலா டீச்சருக்கு வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. பாட்டில் வரி மறந்துபோனால் "லாலலா" என்று சமாளித்துவிடுவார். குழந்தைகள் விடுவார்களா? அன்றிலிருந்து அவர் லாலா டீச்சர். அந்த மழலையர் பள்ளியில் பதினெட்டு வருஷமாகப் பாட்டு டீச்சர்.

பதினெட்டு வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். ஐந்து வயசுக் குழந்தை பாட்டைப் பாடாது, பாட்டு சொன்னதைச் செய்யும். ஒரு வருஷம் பட்டமளிப்பு விழாவுக்குத் தாலாட்டு வைத்தார். காலை பதினொரு மணிக்கு மேடையில் நாலு பேர் நிஜமாகவே தூங்கிவிட்டார்கள். போன வருஷம் ரயில் பாட்டு. தோளைப் பிடித்துக்கொண்டு கிளம்பிய ரயில் மேடைப் படியில் இறங்கி, வாசலைத் தாண்டி, தெருமுனை மருந்துக் கடையில்தான் நின்றது. அதுவும் கடைக்காரர் சமயத்தில் "ஸ்டேஷன் வந்தாச்சு!" என்று கத்தினதால். புண்ணியவான்.

அதற்கு மறுநாளே பெரிய டீச்சர் ஒரு பாட்டுப் பெட்டி வாங்கி மேஜையில் வைத்துவிட்டார். பெரிய டீச்சர்தான் அங்கே தலைமை. பெட்டியில் இருநூறு பாட்டு, தட்டினால் நீல விளக்கு எரியும்.

"அடுத்த விழாவிலயும் ஏதாவது ஆச்சுன்னா, அப்புறம் பெட்டியே பாடட்டும். நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட்! வீட்டில் இருப்பது லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்க்கும் கணவரும் ஒரு டிவியும். இரண்டும் ஒரே சத்தத்தில் பேசும். வகுப்பிலிருக்கும் அந்த முப்பத்திரண்டு வாய்கள் இல்லாவிட்டால் லாலா டீச்சருக்கு உலகத்தில் வேலையே இல்லை.

பாட்டுத் தேர்வுக்கு பெற்றோர் கூட்டம் கூட்டினார்கள். மழைப் பாட்டு என்றார் லாலா டீச்சர். குழந்தைகளுக்கு 'ழ' வராது, "மலையே வா வா" என்றுதான் பாடுவார்கள் என்றார் ஒரு அம்மா. "மலை வந்தா எங்க வைக்கிறது?" என்று கவலையாகக் கேட்டார் ஒரு அப்பா. அவர் வீடு கட்டும் மேஸ்திரி, பாவம், இடத்தின் அருமை தெரிந்தவர். யானைப் பாட்டு என்றதும் முன்வரிசையில் கொஞ்சம் பருமனான ஒருவர் எழுந்து, "யாரை மனசுல வச்சுச் சொல்றீங்க?" என்றார். காக்காப் பாட்டில் காக்கா திருடுகிறது, வேண்டாம். முயல் பாட்டில் குதிக்க வேண்டும், மேடைப் பலகை தாங்காது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? லாலா டீச்சர் தானே உட்கார்ந்து ஒரு பாட்டு எழுதினார். அதில் மிருகம் கிடையாது, வண்டி கிடையாது, தூக்கம் கிடையாது. "நாங்கள் வளர்ந்தோம், பெரிய பள்ளிக்குப் போகிறோம்." முடிந்தது. இதில் என்ன வில்லங்கம் வரும்?

வந்தது. பெரிய டீச்சர் தாளை வாங்கிப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"என்ன டீச்சர் இது, பச்சைக் குழந்தைங்க வாயால 'போறோம் போறோம்'னு? வாயில நல்ல வார்த்தை வராதா? 'போயிட்டு வரோம்'னு மாத்துங்க."

"அது இல்ல மேடம், இவங்க சொன்னதைச் செய்வாங்களே..."

"வெளியில கிளம்பும்போது உங்க வீட்ல எப்படிச் சொல்லுவீங்க?"

டீச்சர் மாற்றினார்.

விழா நாள். தலையில் கறுப்பு அட்டைத் தொப்பி, முழங்காலைத் தட்டும் அங்கி. முன்னால் நின்றவள் பட்டாணி. இருப்பதிலேயே குள்ளம், இருப்பதிலேயே பெரிய குரல். "போயிட்டு வரோம், போயிட்டு வரோம்" என்று முப்பத்திரண்டு பேரும் அழகாகப் பாடி, இடப்பக்கமாக வெளியே போனார்கள். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. லாலா டீச்சர் அப்பாடா என்று கண்ணை மூடினார். திறந்தபோது வலப்பக்கமாக எல்லாரும் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

மறுபடி பாடினார்கள். மறுபடி போனார்கள். மறுபடி வந்தார்கள்.

சிறப்பு விருந்தினர் ஒரு கண் டாக்டர். பேச எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். மூன்றாம் தடவைக்கு மேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரை இழுப்பவர் குழம்பிப்போய்க் கயிற்றை விட்டுவிட்டார். "போதும், போங்கடா!" என்று கத்தத் தோன்றியது டீச்சருக்கு. ஆனால் பட்டம் வாங்கும் குழந்தையைப் பார்த்து 'போ' என்று எப்படிச் சொல்வது? ஏழாம் தடவை வந்தபோது பட்டாணி பாட்டை நிறுத்தி, மைக்கில், "டீச்சர், ஒண்ணுக்கு" என்றாள். வரிசை அப்படியே அவள் பின்னால் கழிவறைக்குப் போயிற்று. விழா இனிதே முடிந்தது.

பெரிய டீச்சர் அறையில் பெட்டியின் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இனிமே பெட்டி பாடிக்கும். மனசுல எதுவும் வச்சுக்காதீங்க."

லாலா டீச்சர் மன்றாட வாயைத் திறந்தார். பழக்கத்தில் வந்தது ஒன்றுதான்.

"சரிங்க மேடம். போயிட்டு வரேன்."

பெரிய டீச்சர் தலை நிமிராமல், "ம், போயிட்டு வாங்க" என்றார்.

விடுமுறை முழுக்க லாலா டீச்சர் டிவிக்கும் கணவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். "மேல போன லிஃப்ட் கீழ வந்துதானே ஆகணும்?" என்று தேற்றினார் கணவர். "வரலைன்னா?" என்றார் டீச்சர். "வரலைன்னா எனக்கு ஃபோன் பண்ணுவாங்க." இந்த மனுஷனிடம் போய்ச் சொன்னோமே என்று இருந்தது.

பள்ளி திறந்த அன்று, பைக்குள்ளேயே தங்கிவிட்ட அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். வாசலில் ஒரே கூச்சல். பெரிய பள்ளியின் புதுச் சீருடையில் பட்டாணி, அவளுக்குப் பின்னால் தோளைப் பிடித்தபடி மீதி முப்பத்தோரு பேர். அம்மாக்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் ஸ்கூல் அடுத்த தெருல இருக்கும்மா!"

"நாங்கதான் வரோம்னு சொன்னோம்ல?" என்றாள் பட்டாணி. "எல்லார் முன்னாடியும் சொன்னோம்ல?"

லாலா டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். நேரே பெரிய டீச்சர் அறைக்குப் போய் நின்றார்.

"என்ன டீச்சர், இங்க?"

"நீங்கதானே மேடம் 'போயிட்டு வாங்க'ன்னு சொன்னீங்க. போயிட்டேன். வந்துட்டேன்."

"அது... ஒரு பேச்சுக்குச் சொல்றதில்லையா!"

"அப்ப 'போங்க'ன்னு சொல்லுங்க மேடம். போயிடறேன்."

பெரிய டீச்சர் வாயைத் திறந்தார். பள்ளி திறக்கும் நாள். கதவருகே முப்பத்திரண்டு தலைகள், அவற்றுக்கு மேல் அம்மாக்கள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். பெட்டியைத் தள்ளிவைத்தார்.

"இந்த வருஷப் பாட்டுல போறதும் இருக்கக் கூடாது, வர்றதும் இருக்கக் கூடாது. புரியுதா?" என்றார். "முதல்ல இவங்களை அந்த ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டுட்டு வாங்க."

"விட்டுட்டு வரேன் மேடம்" என்றார் லாலா டீச்சர்.