வெங்காயப்பூத் தோடு

சின்னத்தங்கத்துக்கு ஓரிடத்தில் இருக்க வராது. இணுவிலில் தமையன் ஆழ்வாப்பிள்ளையின் நகைப் பட்டறையில் தணல் மூட்டுவதும், அவர் செய்து முடித்த பவுன் நகையைக் கழுவித் துடைப்பதும் அவளுடைய வேலை. முப்பத்தாறு வயது. பேசின கலியாணங்கள் ஒவ்வொன்றாய்க் குழம்பிப் போயின. பாதி வேலையில் எழும்பிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய், வெங்காயப் பாத்தி வரம்பில் குந்தியிருந்து பூக்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

தொண்ணூறாம் ஆண்டில் சண்டை மூண்டு ஊருக்கு வரும் பாதை பூட்டுப்பட்டது. பட்டறைக்குப் பவுன் வருவது நின்றது. ஆழ்வாப்பிள்ளை கம்பி வளைக்கும் குறட்டைக் கீழே வைத்துவிட்டுச் சைக்கிளில் ஊர் சுற்றினார். அவள் தன்னுடைய அறுந்த வெள்ளிக் கொலுசை எடுத்துத் துண்டு துண்டாக நறுக்கினாள். சிரட்டைக்கரியில் வைத்து ஊதினால் ஒவ்வொரு துண்டும் கடுகு மாதிரி உருண்டு வரும். அப்படி அறுபது மணியைச் சேர்த்து ஒட்டி ஒரு வெங்காயப்பூ. இரண்டு தரம் எல்லாம் உருகி ஒரே கட்டியாய்ப் போனது. மூன்றாம் தரம்தான் பூ சரிவந்தது. அதற்கு எடுத்த ஒன்பது நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"உந்தத் தோட்டை ஆர் காதிலை போடுவினம்?" என்று சிரித்தார் தமையன்.

தோட்டக்காரி ஞானாம்பிகை போட்டாள். மகனை ஜெர்மனிக்கு அனுப்பத் தோட்டை விற்றுவிட்டுக் காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தவள் அவள்.

"ஐயோ பிள்ளை, இது எங்கடை பூவெல்லே!"

அந்தத் தோட்டோடு ஞானாம்பிகை மருதனார்மடம் சந்தைக்குப் போனாள். பிறகு அதைக் கண்ட பெண்கள் சின்னத்தங்கத்திடம் அறுந்த கொலுசும் பிள்ளைகளின் அரைஞாணும் கொண்டுவந்து கொடுத்தார்கள். குரக்கன் கதிர், பாகல் கொடியின் சுருள், புகையிலைக் கன்று என்று புதுப்புதுத் தோடுகள் வந்தன. ஒன்றைச் செய்யும்போதே அடுத்தது அவள் விரல்களில் அரிக்கத் தொடங்கிவிடும்.

தொண்ணூற்றுநாலில் கோப்பாயிலிருந்து ஒரு தாய் மகளுக்குத் தோடு கேட்டு வந்து, "உங்கடை அண்ணையின்ரை கைவேலை என்ன நுணுக்கம்! கழுவுறது நீங்களாம்" என்றாள்.

சின்னத்தங்கம் குசினிக்குப் போனாள், முற்றத்துக்கு வந்தாள், திரும்பவும் போனாள். தமையன் வந்ததும் கேட்டாள்.

"பொம்பிளை செய்ததெண்டா ஆர் நம்புவினம்? உனக்காகத்தான் அப்பிடிச் சொன்னனான்."

"எனக்காகவோ, அண்ணை?"

விடிந்ததும் அவள் குறட்டையும் ஊதுகுழலையும் எடுத்துக்கொண்டு ஞானாம்பிகையின் கிணற்றடிக் கொட்டிலுக்குப் போய்விட்டாள். அங்கேயும் நிம்மதி இல்லை. படலை கிறீச்சிட்டால் தலை தானாக நிமிரும்.

பதினோராம் நாள் ஆழ்வாப்பிள்ளை வந்தார். சைக்கிளை விட்டு இறங்காமலே, "கோப்பாய்க்குப் போய் அந்த மனிசிக்கு உண்மையைச் சொல்லிப்போட்டன். வீட்டை வா" என்றார்.

"வாறன். இந்தத் தோடு முடியட்டும்."

முடிய மூன்று நாள் எடுத்தது. மூன்று நாளும் அவர் வந்து கொட்டில் வாசலில் இருந்து அவளுக்காகத் தணல் ஊதினார்.

அடுத்த வருசம் ஐப்பசி மழையில், ஆமி நெருங்கி ஊர் முழுக்க வெளிக்கிட்டபோது, இரண்டு பேரும் ஒரு சைக்கிளோடு மீசாலைக்கு நடந்தார்கள். குறடும் ஊதுகுழலும் கைவசம் இருந்தன, வெள்ளிதான் இல்லை. ஒரு பாடசாலை விறாந்தையில் சனத்தோடு சனமாய் இருந்தார்கள். பத்து நிமிடம் இருந்தால் அவள் எழும்பிவிடுவாள்.

"எங்கை போறாய்?"

"உந்தப் பக்கம் நெல்லு வயல் இருக்காம். கதிர் வந்திட்டுதோ எண்டு பாத்திட்டு வாறன், அண்ணை."